லிஃப்டுக்கு வெளியே ஒரு குரல்

மின்சார அலுவலகத்தில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் வாசலில் நிற்கும் காவலாளியே, "அப்படி யாரும் இங்க இல்லையே" என்பார். வீடு வீடாகப் போய் மீட்டரில் ஓடியிருக்கும் யூனிட்டைக் குறித்து வருவது அவருடைய வேலை. இருபத்து மூன்று வருஷமாக அதே வேலை. தெருமுனையில் நின்று அவர் ஒரு குரல் கொடுத்தால் நான்காவது மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஒரே ஒரு தெருவில் மட்டும், கைக்குழந்தை இருக்கிற ஒரு வீட்டுக்காரர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, இனிமேல் வந்தால் கதவை மெல்லத் தட்டினால் போதும் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

மீட்டர் எங்கே இருக்கும் என்று எந்த வீட்டையும் பார்த்துச் சொல்லிவிட முடியாது. மாடிப்படிக்கு அடியில் இருக்கும். செருப்பு அலமாரிக்குப் பின்னால் இருக்கும். ஓட்டாத சைக்கிள், காய்ந்துபோன பெயிண்ட் டப்பா, பழைய மெத்தை எல்லாவற்றையும் நகர்த்தினால் ஒட்டடைக்குள்ளிருந்து சிவப்பாகக் கண் சிமிட்டும். வெண்கலம் கழுத்தில் ரீடிங் மெஷினை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் டார்ச், பையில் ஒட்டடை துடைக்கத் துணி, நாய்களுக்கு பிஸ்கட் என்று கிளம்புவார். ஒரு நாளைக்கு நூற்றிருபது மீட்டர் பார்க்க வேண்டும். அதோடு, போகிற வழியில் மேல்தொட்டி நிரம்பி வழிந்தால் மோட்டாரை நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுப்பார். சாவியைக் கதவிலேயே விட்டுவிட்டு உள்ளே போனவர்களைக் கூப்பிட்டு எடுத்துக் கொடுப்பார். போன மாதத்தைவிட இந்த மாதம் ஏன் கூடியிருக்கிறது என்று யாராவது கேட்டால், நின்று, உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துப் புரியவைத்துவிட்டுத்தான் நகர்வார்.

இதற்காக அவரைப் பெரிய தர்மவான் என்று சொல்லிவிட முடியாது. பேச்சுத்துணை கிடைத்தால் விடமாட்டார், அவ்வளவுதான். அவருடைய மேற்பார்வையாளர் வாரம் ஒரு தடவையாவது கேட்பார்: "நீ ரீடிங் எடுக்கப் போறியா, ஊர்க்கதை பேசப் போறியா?"

"ரெண்டும்தான் சார்" என்பார் வெண்கலம்.

வீட்டில் மூன்று பேர். மனைவி, நோட்டுப்புத்தகம் தயாரிக்கும் பட்டறையில் அட்டை ஒட்டும் பிரிவில் வேலை செய்தார். மகள் கல்லூரியில் இரண்டாம் வருஷம். இரண்டு அறை, ஒரு சமையலறை. அவர் சாயங்காலம் படி ஏறும்போதே பேசிக்கொண்டு ஏறுவார் என்பதால், அவர் வந்துவிட்டார் என்பது அந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்கும் தெரியும்.

அந்தக் குரலில் ஒரு பங்குனி மாதம் லேசாகக் கரகரப்பு வந்தது. தூசி என்றார். தூசிக்குள்தான் தினமும் தலையை விடுகிறார், அதனால் யாரும் மறுத்துப் பேசவில்லை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார். இருமல் மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டார். ஒரு மாதம் போனது. இரண்டாவது மாதம் மேல்சுருதி போய்விட்டது. மூன்றாவது மாதம் தெருமுனையிலிருந்து கூப்பிட்டால் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. வாசல்வரை போய்த் தட்ட வேண்டியிருந்தது.

"வெண்கலம் தகரமாயிடுச்சுடா" என்று அலுவலகத்தில் சிரித்தார்கள். அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

"டாக்டர்கிட்ட ஒரு எட்டு போயிட்டு வந்தா என்ன?" என்றார் மனைவி.

"வலி இருந்தாத்தானே போகணும்? வலி இல்ல, காய்ச்சல் இல்ல. போய் என்னன்னு சொல்றது, என் பாட்டு சரியில்லன்னா?"

அதற்குமேல் மனைவி வற்புறுத்தவில்லை. நான்காவது மாதமும் அப்படியே ஓடியது.

ஒரு புதன்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரம். எட்டு மாடிக் குடியிருப்பு ஒன்றின் தரைத்தளத்தில், எல்லா வீட்டு மீட்டர்களும் வரிசையாக இருக்கும் அறையில் நின்று குறித்துக்கொண்டிருந்தார். பதினான்காவது மீட்டரில் டார்ச்சை அடித்தபோது கட்டடம் முழுக்க மின்சாரம் நின்றது. மீட்டர்களின் சிவப்புக் கண்கள் ஒன்றாக மூடிக்கொண்டன. அந்த அமைதியில் எங்கோ மேலே தகரத்தைக் கையால் அறைகிற சத்தம் கேட்டது. திரும்பத் திரும்ப, வேகமாக.

காவலாளி சாப்பிடப் போயிருந்தார். பெரும்பாலும் எல்லோரும் வேலைக்குப் போய்விடுகிற கட்டடம் அது. வெண்கலம் படியேறிப் போனார். லிஃப்ட் இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றிருந்தது.

"யாரும்மா உள்ள?"

"சார், கதவைத் திறங்க சார். ப்ளீஸ். எனக்கு மூச்சு முட்டுது. இருட்டா இருக்கு. திறங்க சார்!" ஒரு பெண் குரல். வார்த்தைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுந்தன.

நடுவழியில் நிற்கும் லிஃப்டின் கதவை வெளியாள் தொடக்கூடாது என்று அவருக்குத் தெரியும். தொட்டு ஒருவர் கீழே விழுந்ததை அவர் கேள்விப்பட்டிருக்கிறார். கதவுக்குப் பக்கத்தில் எழுதியிருந்த மெக்கானிக் எண்ணுக்குப் போன் போட்டார். ஊரின் மறுகோடியில் இருப்பதாகவும், வர ஒரு மணி நேரம் ஆகும் என்றும் மெக்கானிக் சொன்னார். தன் அலுவலகத்துக்குப் போட்டார். டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டதாம், ஒன்றரை மணி நேரம் ஆகுமாம்.

"அம்மா, நல்லாக் கேட்டுக்குங்க. மெக்கானிக் கிளம்பிட்டாரு. லிஃப்ட் விழாது, கம்பி கெட்டியா இருக்கு. மேல ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, காத்து அது வழியா வந்துட்டேதான் இருக்கும். கீழ உட்காந்துக்குங்க."

"நீங்க யாரு?"

"கரண்ட் ஆபீஸும்மா. மீட்டர் பார்க்க வந்தேன்."

உள்ளே தகரத்தை அறைவது நின்றது. பிறகு, "கரண்டை நிறுத்தினதே நீங்கதானா?"

"அந்த அளவுக்கு எனக்கு அதிகாரம் இருந்தா நான் ஏம்மா படி ஏறி இறங்கிட்டிருக்கேன்?"

உள்ளே அழுகையோடு ஒரு சிரிப்பு வந்தது. ஆனால் உடனே மறுபடியும் மூச்சு இரைக்க ஆரம்பித்தது. "போயிடாதீங்க. தயவு செஞ்சு போயிடாதீங்க."

"எங்கயும் போகல. இதோ, கதவுக்கு இந்தப் பக்கம் உட்காந்துட்டேன். நான் பாட்டுக்குப் பேசிட்டே இருப்பேன். நீங்க ம் கொட்டினாப் போதும்."

மூன்றாம் மாடிப் படியில், கதவை ஒட்டி உட்கார்ந்தார். பேசத்தான் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லையே. ஒரு வீட்டுக் கிளியைப் பற்றிச் சொன்னார். அவர் போய்க் கூப்பிடும்போதெல்லாம் உள்ளேயிருந்து "ஆள் இல்லை!" என்று பதில் வருமாம். ஆள் இல்லை என்று ஆளே சொல்கிறார், சரி, பணக்கார வீட்டுத் திமிர் என்று நினைத்துக்கொண்டு இரண்டு மாதம் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதிவிட்டார். மூன்றாவது மாதம் வீட்டுக்காரர் அலுவலகத்துக்கே வந்து சண்டை போட்ட பிறகுதான், சொன்னது கிளி என்று தெரிந்தது. கடன்காரர்களுக்காகப் பழக்கி வைத்த கிளியாம்.

உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டது. அவர் அடுத்த வீட்டுக்குப் போனார். ஏசியைப் பதினெட்டில் வைப்பதா இருபத்து நாலில் வைப்பதா என்று சண்டை போட்டுக்கொண்டிருந்த கணவன் மனைவி, மீட்டர் பார்க்க வந்த இவரை நடுவில் நிறுத்தி வைத்துத் தீர்ப்புக் கேட்டதைச் சொன்னார். "இருபத்தொண்ணுன்னு சொல்லிட்டு வந்தேம்மா. ரெண்டு பேரும் சேர்ந்து என்னை முறைச்சாங்க. அதோட அவங்க சண்டை தீர்ந்துச்சு."

இதற்கிடையில் மேற்பார்வையாளரிடமிருந்து போன் வந்தது. மெஷினில் இன்னும் எழுபது மீட்டர் பாக்கி காட்டுகிறதே, எங்கே உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கத்தினார். அது உள்ளேயும் கேட்டது.

"சார், லிஃப்டுல ஒருத்தங்க மாட்டிக்கிட்டாங்க. முடிச்சிட்டு வந்து சொல்றேன்" என்று இவர் வைத்துவிட்டார்.

"நீங்க வேணும்னா போங்க. எனக்குப் பரவாயில்ல இப்ப" என்றார் அந்தப் பெண். உண்மையிலேயே பரவாயில்லை என்றால் குரல் அப்படி நடுங்காது.

"எழுபது மீட்டரும் அதே இடத்துலதாம்மா இருக்கும். ஓடிப் போயிடாது. கேளுங்க..."

முக்கால் மணி நேரம் பேசினார். குரல் இடையிடையே உடைந்தது. சில வார்த்தைகள் வெறும் காற்றாக வந்தன. தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி பேசினார். உள்ளே இருந்தவருக்கு மூச்சு சீராகிவிட்டது. அதன் பிறகு அவர் ம் கொட்டுவதைக்கூட நிறுத்திவிட்டார். வெண்கலம் பயந்துபோய், "அம்மா, இருக்கீங்களா?" என்றார்.

"இருக்கேன் அண்ணா. கேட்டுட்டுத்தான் இருக்கேன். ஒண்ணு கேட்டாத் தப்பா நினைக்கமாட்டீங்களே? உங்க குரல் எத்தனை நாளா இப்படி இருக்கு?"

"அதுவா? தூசிம்மா. நாலு மாசமா."

"நாலு மாசமா? நடுவுல ஒரு நாளாவது சரியாச்சா?"

"சரியாகல."

"விழுங்கும்போது வலி? சிகரெட் பழக்கம் உண்டா?"

"வலியெல்லாம் இல்ல. சிகரெட்டு விட்டாச்சு." சொல்லிவிட்டு அவர் தானாகவே சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டார். மூடிய கதவுக்கு வெளியே யார் பார்க்கப் போகிறார்கள்?

"அண்ணா, நான் ஆஸ்பத்திரியில ஸ்பீச் தெரபிஸ்ட். குரல் போனவங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறதுதான் என் வேலை. அஞ்சாவது மாடியில ஒரு பேஷன்ட்டைப் பார்க்கத்தான் வந்தேன். நாள் பூரா குரலைத்தான் கேட்டுட்டிருக்கேன். மூணு வாரத்துக்கு மேல குரல் கட்டியிருந்தா உள்ள பார்க்கணும். நீங்க நாலு மாசம்ங்கிறீங்க."

மெக்கானிக் வந்து, மேலே இயந்திர அறையில் கையால் சுற்றி, லிஃப்டை மூன்றாம் மாடிக்குக் கொண்டுவந்து கதவைத் திறந்தார். முப்பது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு பெண், வேர்வையில் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கொண்டு, கையில் செருப்போடு வெளியே வந்தார். இரண்டு எட்டு வைத்துப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வெண்கலம் தன் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினார். குடித்து முடித்ததும் அவர் முதலில் செய்தது, பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து அதன் பின்புறம் எழுதியதுதான். டாக்டர் பெயர், அறை எண், மறுநாள் தேதி, நேரம்.

"நாளைக்குக் காலையில எட்டு மணி. வந்துடுங்க அண்ணா. கண்டிப்பா."

"வரேம்மா" என்றார். எழுபது மீட்டரை நினைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினார்.

மறுநாள் அவர் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அட்டையை ரீடிங் மெஷின் உறைக்குள் செருகி வைத்திருந்தார். வீட்டில் சொல்லவும் இல்லை. ஆஸ்பத்திரி என்று ஆரம்பித்தால் ஒன்றிலிருந்து ஒன்று போகும். சிகரெட் கதை வெளியே வரும். நூற்றிருபது மீட்டரை யார் பார்ப்பது? இப்படிக் காரணங்கள் வரிசையில் நின்றன. உண்மையான காரணம் பயம். அவருடைய மாமா ஒருவர் தொண்டையில் வந்துதான் போனார்.

சனிக்கிழமை மேற்பார்வையாளர் அவரைத் தன் மேஜைக்குக் கூப்பிட்டார். புதன்கிழமைப் பாக்கி மீட்டர்களுக்காகத் திட்டு விழப்போகிறது என்று தயாராகப் போனார். மேற்பார்வையாளர் எதிர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

"ஒரு அம்மா போன் பண்ணாங்க. பேரு தெரியாதாம். 'உங்க ஆபீஸ்ல குரல் கரகரன்னு இருக்கிற ரீடர், கிளிக் கதை சொல்றவர், அவரை இன்னும் நாங்க ஆஸ்பத்திரியில பார்க்கல'ன்னாங்க. ஓ, வெண்கலமான்னு கேட்டேன். முந்தாநாளும் நேத்தும் உன்னைத் தேடி டாக்டர் ரூம் வாசல்ல நின்னுருக்காங்க."

வெண்கலம் தலையைக் குனிந்துகொண்டார்.

"திங்கட்கிழமை உனக்கு ரூட் கிடையாது. உன் ரூட்டை நான் போறேன்."

"சார், நீங்களா? அந்தத் தெருவுல நாலு நாய் இருக்கு சார்."

"பிஸ்கட்டைக் கொடுத்துட்டுப் போ. வீட்ல சொல்லிக் கூட்டிட்டுப் போ. தனியாப் போனா நீ பாதி வழியில திரும்பிடுவே, உன்னை எனக்குத் தெரியாதா?"

அன்று சாயங்காலம் மனைவியிடம் சொன்னார். லிஃப்டில் மாட்டிய பெண் என்று ஆரம்பித்து, சுற்றி வளைத்து, அட்டையில் வந்து நின்றார். மனைவி அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் படித்தார். வியாழக்கிழமைத் தேதியைப் பார்த்தார். உடனே தன் பட்டறைக்குப் போன் போட்டுத் திங்கட்கிழமை லீவு சொன்னார்.

மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, அதன் முனையில் இருக்கும் கேமராவில் டாக்டர் உள்ளே பார்த்தார். பக்கத்தில் இருந்த திரையில் எல்லாம் தெரிந்தது. ஈரமான, சிவந்த ஒரு குகை; அதன் நடுவில் திறந்து மூடும் இரண்டு வெளுத்த பட்டைகள். "இதுதான் உங்க குரல்" என்றார் டாக்டர். இருபத்து மூன்று வருஷம் தெருத்தெருவாகக் கேட்ட குரல் இத்தனூண்டு இரண்டு சதைத் துண்டுதானா என்று வெண்கலத்துக்கு ஆச்சரியமாக இருந்தது. இடதுபக்கப் பட்டையில், சுவரில் சுண்ணாம்பு தெறித்த மாதிரி, வெள்ளையாக ஒரு திட்டு இருந்தது. டாக்டர் அங்கேயே கேமராவை நிறுத்தினார்.

"சிகரெட் உண்டா?"

"அஞ்சு வருஷமாக் கிடையாது டாக்டர். என் மேல சத்தியம் பண்ணி விட்டுட்டாரு" என்றார் மனைவி, கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டர் வெண்கலத்தைப் பார்த்தார். வெண்கலம் கூரையைப் பார்த்தார்.

"ரூட்ல போகும்போது... ஒண்ணு. ரெண்டு. சில நாள் அஞ்சு."

மனைவி திரும்பவே இல்லை. மடியில் இருந்த பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவருடைய காது மட்டும் சிவந்துபோனதை வெண்கலம் பார்த்தார்.

அந்தத் திட்டை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும் என்றார் டாக்டர். "அதுவா டாக்டர்?" என்று கேட்டதற்கு, "பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்" என்றார். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை நடந்தது. வெளியே காயம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு வாரம் வாய் திறக்கக் கூடாது. குசுகுசுப்புகூடக் கூடாது. அந்த வாரக் கடைசியில் பரிசோதனை முடிவு வந்துவிடும்.

வெண்கலம் ஒரு வாரம் பேசாமல் இருப்பது என்றால், அந்த மூன்று மாடியிலும் கடிகாரம் நின்றுபோன மாதிரி இருந்தது. கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து, எல்லோரும் ஊருக்குப் போய்விட்டீர்களா என்று விசாரித்துவிட்டுப் போனார். மனைவி பட்டறையிலிருந்து அட்டை கோணலாக ஒட்டிய நோட்டுகள் நாலைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டே நாளில் ஒரு நோட்டு தீர்ந்தது. எழுதியும் ஓயாமல் பேசுகிற மனிதரை இப்போதுதான் பார்ப்பதாக மகள் சொன்னாள்.

மனைவிக்கு அது வேறு விதத்தில் வசதியாகப் போயிற்று. கல்யாணமான நாளிலிருந்து முழுசாகச் சொல்லி முடிக்க விடாத எல்லாவற்றையும் அந்த வாரத்தில் சொல்லி முடித்தார். சத்தியம் பண்ணிவிட்டு ஐந்து வருஷம் ஏமாற்றியதை மட்டும் தனியாக ஒரு காலைப்பொழுது முழுக்கச் சொன்னார். வெண்கலம் நோட்டை எடுத்தால், "எழுதாதீங்க. இப்ப நான் பேசறேன்" என்றார். மனைவியின் தம்பி பார்க்க வந்தவர் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, "மச்சான், உங்களைப் பார்த்தா எனக்கு அழுகையா வருது. அக்காவைப் பார்த்தாச் சந்தோஷமா இருக்கு. நான் எந்தப் பக்கம் திரும்பறது?" என்றார். மகள் சிரித்து விழுந்தாள். வெண்கலம் சத்தமில்லாமல் சிரிக்க வேண்டியிருந்ததால் தோள் மட்டும் குலுங்கியது.

ஆறாம் நாள் காலை, மகள் கல்லூரிக்குப் போன பிறகு, சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. பாத்திரம் தேய்க்கும் சத்தம் இல்லை. வெறும் தண்ணீர்ச் சத்தம் மட்டும். பேசுகிறவராக இருந்திருந்தால் அவர் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். எழுந்து போய்ப் பார்த்தார். மனைவி தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைத் திறந்து வைத்திருந்தார்.

வெண்கலம் நோட்டைத் தேடவில்லை. போய்க் குழாயை மூடினார். மனைவியின் முதுகில் கைவைத்தபடி நின்றார். ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவது அவர் வழக்கம். அன்று அதற்கு வழியில்லை. சும்மா நிற்க மட்டும்தான் முடிந்தது. ரொம்ப நேரம் நின்றார்.

"எனக்கு உங்க சத்தம் வேணும். வீடு நல்லாவே இல்ல" என்றார் மனைவி, முகத்தைத் திருப்பாமல்.

எட்டாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். காலையில் இருவரும் சாப்பிடவில்லை. ஒருவர் சாப்பிட்டுவிட்டதாக இன்னொருவர் நினைத்துக்கொள்ளும்படி தட்டுகளை மட்டும் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தார்கள். டாக்டர் அறைக்கு வெளியே நீளமான பெஞ்ச். எதிர்ச் சுவரில் கை கழுவும் முறையைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். வெண்கலம் அதை ஏழு தடவை படித்தார்.

தாழ்வாரத்தின் கோடியில் லிஃப்டில் மாட்டியிருந்த அந்தப் பெண் வருவது தெரிந்தது. கையில் ஒரு காகிதம். முதலில் நடந்தார். இவர்களைப் பார்த்ததும் வேகமாக நடந்தார். பிறகு, ஆஸ்பத்திரியில் யாரும் ஓடக்கூடாது என்பதை மறந்து ஓடியே வந்தார்.

"அண்ணா, அது இல்ல! கேன்சர் இல்ல!"

வெண்கலம் எழுந்தார். உடனே உட்கார்ந்தார். மனைவி, "நிஜமாவா? பேரு சரியாப் பார்த்தீங்களா? இவர் பேரு ஆபீஸ்ல யாருக்குமே தெரியாது" என்று என்னென்னவோ சொன்னார். சொல்லிக்கொண்டே அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டவர் விடவே இல்லை.

டாக்டர் உள்ளே கூப்பிட்டு நிதானமாக விளக்கினார். திட்டில் இருந்த செல்கள் மாற ஆரம்பித்திருந்தன. ஆனால் புற்றுநோயாக மாறவில்லை. அதற்கு முன்னாடி நின்றிருந்தது. இருந்தவரைக்கும் முழுசாக எடுத்தாகிவிட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். "இன்னும் ரெண்டு வருஷம் இருமல் மிட்டாய் சாப்பிட்டுட்டிருந்து அப்புறம் வந்திருந்தீங்கன்னா, நான் உங்ககிட்ட வேற விஷயம் பேசிட்டிருப்பேன். உங்களை இங்க அனுப்பினது யாரு?"

வெண்கலம் நோட்டில், 'டிரான்ஸ்ஃபார்மர்' என்று எழுதிக் காட்டினார். அந்தப் பெண்தான் முதலில் சிரித்தார்.

"நான் அன்னைக்கு உள்ள மயக்கம் போட்டு விழுந்திருப்பேன் டாக்டர். இவர் தொண்டை கிழியக் கிழிய முக்கால் மணி நேரம் பேசினாரு. அந்தத் தொண்டையைப் பத்தித்தான் நான் கவலைப்பட்டேன். வேற என்ன செஞ்சுட்டேன்?"

பிறகு தன் அறைக்குக் கூட்டிப்போய் முதல் பயிற்சியைத் தொடங்கினார். முதுகை நேராக வைத்து, வயிற்றிலிருந்து மூச்சை விட்டு, தொண்டையை அழுத்தாமல் 'ஈ' என்று மெல்ல இழுக்கச் சொன்னார். முதலில் வெறும் காற்று. மறுபடி காற்று. மூன்றாவது தடவை, பக்கத்து அறையில் யாரோ பேசுகிற மாதிரி, மெல்லிசாக ஒரு சத்தம் வந்தது. கரகரப்பு இல்லை.

"இப்ப ஒரு வார்த்தை சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு. தள்ளாம."

வெண்கலம் யோசித்தார். எட்டு நாளாகச் சேர்த்து வைத்தது நாலு நோட்டில்கூட அடங்காது. மனைவியின் பக்கம் திரும்பினார்.

"சாப்பிட்டியா?"

மனைவி இல்லை என்று தலையாட்டினார். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அந்தப் பெண்ணுக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தக் குரல் பிறகு பெரும்பகுதி திரும்பி வந்தது. பழைய உச்சத்துக்குப் போகாது; போகவும் கூடாது என்று கண்டிப்பு. மேற்பார்வையாளர் அவருக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தார். அந்தத் திங்கட்கிழமை ஒரே நாளில் நாலு நாய்களையும் ஒரு கன்றுக்குட்டியையும் சந்தித்த பிறகு, ரூட்டில் நேரமாகிறது என்று மேற்பார்வையாளர் யாரிடமும் கத்துவதில்லை என்று அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். சிகரெட் நின்றது. இந்த முறை சத்தியம் எதுவும் இல்லை. தினமும் சாயங்காலம் மனைவி சட்டைப்பையை முகர்ந்து பார்க்கிறார், அவ்வளவுதான். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை திரையில் அந்தக் குகையைப் பார்த்துவிட்டு, பட்டை இரண்டும் சுத்தமாக இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு வருகிறார். தெரபிஸ்ட்டின் அறையில் பயிற்சி நேரம் அரை மணிதான். ஒவ்வொரு தடவையும் வெளியே காத்திருக்கிறவர்கள் கதவைத் தட்ட வேண்டியிருக்கிறது.

முடிவு வந்த அந்த நாளில், ஆஸ்பத்திரி வாசலில் நின்று இருவரும் டீயும் ரொட்டியும் சாப்பிட்டார்கள். மகளுக்குப் போன் செய்து மனைவி சொன்னார். மகள் அந்தப் பக்கம் என்ன கத்தினாளோ, போனைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டார். வீட்டுக்குப் போகிற பஸ் காலியாக வந்தது. பின்னாலிருந்து மூன்றாவது சீட். ஜன்னல் ஓரம் மனைவி உட்கார்ந்தார். வெயில் இதமாக விழுந்தது. இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் மனைவியின் தலை அவர் தோளில் சாய்ந்தது. மனைவியை எழுப்பிவிடக் கூடாதே என்று அசையாமல் உட்கார்ந்திருந்தவர், எப்போது கண்ணயர்ந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. இரண்டு வாரத்துத் தூக்கம் இரண்டு பேருக்கும் பாக்கி இருந்தது.

விழித்தபோது பஸ் நின்றிருந்தது. கடைசி நிறுத்தம். அவர்கள் இறங்க வேண்டிய இடம் ஒன்பது நிறுத்தத்துக்கு முன்னாலேயே போய்விட்டது. நடத்துநர் எதிர் சீட்டில் உட்கார்ந்து சில்லறையைப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எழுப்பலாம்னுதான் வந்தேங்க. அந்தம்மா தூங்கறதைப் பார்த்துட்டு மனசு வரல" என்றார். "எறங்க வேண்டாம், இதே வண்டிதான் திரும்பப் போகுது. பத்து நிமிஷம் ஆகும். அதுவரைக்கும் தூங்கட்டும்."

வெண்கலம் பதிலுக்குத் தலையை மட்டும் அசைத்தார். அன்றைக்கு அவருக்கு அனுமதித்த வார்த்தைகள் தீர்ந்துவிட்டிருந்தன. மனைவியின் முகத்தில் விழுந்த வெயிலைக் கையால் மறைத்துக்கொண்டு, பஸ் கிளம்பும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.